மேகம் விலகிய நாளில் ஆள் எண்ணப் போனது

1

இது கதையாக எழுத உட்கார்ந்ததல்ல. வெளிநாட்டு விருந்தினர்களுக்கான சிற்றேட்டுக்கு, ‘பரோயே தீவுகள்: ஒரு பார்வை’ என்று இரண்டு பக்கம் எழுதச் சொல்லியிருந்தது தலைநகர் தோர்ஷானில் உள்ள எங்கள் அலுவலகம். இப்படித் தொடங்கினேன்:

பதினெட்டுத் தீவுகள், ஐம்பத்து நாலாயிரம் மக்கள், தனி மொழி, தனிக் கொடி, தனி நாடாளுமன்றம் கொண்ட எங்கள் தன்னாட்சிப் பகுதி, வட அட்லாண்டிக்கின் நடுவே கம்பீரமாக

கம்பீரமாக என்ன செய்கிறது? நனைகிறது. அந்த வரியை அப்படியே விட்டுவிட்டேன்.

2

இன்னொரு தொடக்கம்: எங்களை நாங்களே ஆள்கிறோம். பாதுகாப்பை டென்மார்க் பார்த்துக்கொள்கிறது. மீன், பள்ளிக்கூடம், சாலை, ஹெலிகாப்டர் எல்லாம் எங்கள் கையில்.

ஹெலிகாப்டர் என்று எழுதியதும் கை நடுங்கியது. (நடுங்கவில்லை. நடுங்கினால் நன்றாயிருக்குமென்று போட்டேன். எழுந்து போய் ஜன்னலைச் சாத்திவிட்டு வந்தேன், அவ்வளவுதான்.)

நேற்று ஒரு குழுவின் செயலாளராக ஸ்கார்வோய்* தீவுக்குப் போயிருந்தேன். ஐந்து பேருக்குக் குறைவாக வசிக்கும் தீவுக்கு ஹெலிகாப்டரை நிறுத்திவிடுவது என்று விதி. பதிவேட்டில் ஏழு பேர் இருக்கிறார்கள். பதிவேட்டை நம்பாமல் கண்ணால் பார்த்து எண்ணுவதற்குத்தான் குழு.

(* பெயரை மாற்றியிருக்கிறேன். ஏழு பேர் உள்ள ஊரில் பெயரை மாற்றி எதை மறைப்பது என்று கேட்காதீர்கள்.)

3

குழுத் தலைவர் ஹெய்னியை எப்படி எழுதுவதென்று இன்னும் தெரியவில்லை. கெட்டவராக்கினால் எனக்கு வேலை சுலபம். ஆனால் என் கால் நனைந்திருப்பதைப் பார்த்துத் தன் மாற்றுக் காலுறையைப் பையிலிருந்து எடுத்துக் கொடுத்தவர். அவருக்கிருந்த ஒரே நோய் சொற்பொழிவு.

ஆறு நாள் மேகம். ஹெலிகாப்டர் எழும்பவில்லை. ஏழாம் நாள் வானம் கழுவி வைத்தாற்போல் இருந்தது, இறங்கினோம். நாற்பது நிமிடத்தில் திரும்பி வருவதாகச் சொல்லி அது அடுத்த தீவுக்குப் போய்விட்டது.

ஊரில் ஒருவரும் இல்லை. கதவுகள் வெறுமனே சாத்தியிருந்தன. ஒரு அடுப்பின் மேல் காபிப் பாத்திரம் சூடாக இருந்தது.

“நம்ம வர்றது தெரியுமில்ல இவங்களுக்கு?” என்றார் ஹெய்னி.

“தெரியும். எந்த நாள்னுதான் தெரியாது.”

“சரி, நீ படம் எடு.”

கொடிக்கம்பத்தடியில் நின்று, பெரிய நாடுகளுக்கு நடுவே நம் மொழியைப் பொத்திப் பாதுகாத்த சிறு தீவுகளைப் பற்றி அவர் பேசினார். எதிரில் மூன்று வாத்துகள். ‘மக்களே நம் செல்வம்’ என்ற இடத்தில் இரண்டு எழுந்து போய்விட்டன.

அப்போதுதான் தீவுக்காரப் பெண்மணி மார்யுன் சரிவில் இறங்கி வந்தார். அறுபது வயது, ரப்பர் பூட்ஸ். கயிறு எடுக்க வந்திருக்கிறார்.

“ஆத்தாடி, இன்னிக்கா வந்தீங்க தலைவரே?”

“மத்தவங்க எங்கம்மா?”

“மலையில. ஆடு இறக்குறோம். மந்தையில பங்குள்ள வீட்டுல எல்லாரும் நின்னாகணும், இல்லாட்டி ஆடு தப்பிடும்.”

“ஒரு நாள் தள்ளி வச்சிருக்கலாமே.”

“மேகம் விலகினாத்தானே மலை தெரியும். நீங்க ஏன் நேத்து வரல?”

“நேத்து மேகம்.”

“அப்புறம்?”

ஹெய்னி கடிகாரத்தைப் பார்த்தார். அவரைப் பறக்கவிடும் வானம்தான் இவர்களை மலைக்கு அனுப்பும் வானம். இந்த நாட்டில் பிறந்து வளர்ந்த நாங்கள் இரண்டு பேரும் அதை யோசிக்கவில்லை.

“உங்க வீட்டுக்காரர்?”

“நிக்லஸா? அந்தப் பக்கம் பட்டியில உக்காந்திருக்கார். கால் புண்ணு, நடக்க முடியாது. படகுல சுத்திக் கொண்டுபோய் விட்டோம். காதுல இருக்கிற அடையாள வெட்டைத் தடவியே எது யாரோட ஆடுன்னு சொல்லிடுவார். அவரில்லாம பிரிக்க முடியுமா?” பிறகு என்னிடம், குரலைத் தாழ்த்தி, “தம்பி, வாராவாரம் டவுன் ஆஸ்பத்திரியில கட்டு மாத்தணும். குளிர்காலத்துல இங்க படகு அணையாது. ஹெலிகாப்டர் நின்னா வீட்டைப் பூட்டிக்கிட்டு வந்துடணும். பூட்டே இல்ல, அது வேற.”

“நான் நேர்ல பாக்கணும்மா,” என்றார் ஹெய்னி.

“வாங்க. ஒன்றரை மணி நேர ஏத்தம்.”

“ஹெலிகாப்டர் வந்துடும்.”

“போன் போட்டுத் தர்றேன். குரலை எண்ணிக்குங்க.”

“விதியில குரல் இல்ல.”

“வாத்து இருக்கா?”

கயிற்றைத் தோளில் போட்டுக்கொண்டு அவர் ஏறிப்போனார். அவசரம் அவருக்குத்தான்.

4

ஹெலிகாப்டரில் ஹெய்னி படிவத்தின் கட்டத்தில் 1 என்று எழுதிக் கையெழுத்திட்டார். பிறகு பேனாவை நீட்டினார்.

“நீ பாத்தது ஒண்ணுதானே?”

“ஒண்ணுதான்.”

“அப்புறமென்ன? எனக்கு மட்டும் சந்தோஷமா?”

சந்தோஷமில்லை என்பது முகத்தில் தெரிந்தது. அதுதான் சங்கடம். இரண்டாவது கையெழுத்து இல்லாமல் படிவம் செல்லாது. வீட்டில் படித்துவிட்டுப் போடுகிறேன் என்று வாங்கி வந்தேன். ஒரே எண்ணை எவ்வளவு நேரம் படிப்பது?

5

முடிவு ஒன்று: செயலாளர் படிவத்தைக் கிழித்துக் கடலில் எறிகிறார். (அவரை எனக்குத் தெரியும். எறியமாட்டார்.)

முடிவு இரண்டு: குழு மறுபடி போகிறது. அதற்கும் தெளிந்த வானம் வேண்டும். ஆடு இறக்க இன்னும் மூன்று சரிவு பாக்கி.

முடிவு மூன்று: 1-ஐ அடித்துவிட்டு 7 என்று எழுதுகிறார். ஹெய்னி கேட்கிறார்: “பாத்தியா?” செயலாளர்

இல்லை, பார்க்கவில்லை. மலையை அண்ணாந்து பார்த்தேன், தூரத்தில் அசைந்தவை மனிதர்களா ஆடுகளா என்று சத்தியம் செய்ய முடியாது. நிக்லஸ் என்று ஒருவர் உண்டு என்பதே மார்யுன் சொன்னதுதான்.

ஆனால் ஒன்று கவனித்தீர்களா? நீங்களும் அவரைப் பார்க்கவில்லை. பட்டிச் சுவரோரம் காலை நீட்டி உட்கார்ந்து, ஒரு ஆட்டுக் காதைத் தடவும் கிழவரை நான் வர்ணிக்கக்கூட இல்லை. இருந்தும், அவர் அங்கே இருக்கிறாரா என்று நீங்கள் என்னைக் கேட்கவில்லை.

படிவம் மேசை மேல் இருக்கிறது. நாளைக் காலை பத்து மணிக்குள் கொடுக்க வேண்டும். எத்தனை பேர் என்று சொல்லுங்கள், எழுதிக்கொள்கிறேன்.