குட்டைக் கம்பியா, நெட்டைக் கம்பியா

பல் டாக்டரம்மாவும் அவருடைய அண்ணியும் ஒரே பழைய காரைத்தான் நாள் மாற்றி நாள் ஓட்டினார்கள். கொஞ்ச நாளாக அதன் கியர் கம்பி ஆட்டம் கண்டு, மூன்றாவது போட்டால் முதலாவது விழுந்து தொலைத்தது.

"இந்த மாடலுக்கு ஒரிஜினல் இனிமே வராது" என்று மெக்கானிக் கையை விரித்தார். வேறு கம்பெனிகள் செய்த இரண்டு கம்பிகளை பானெட் மேல் வைத்தார். ஒன்று சாண் உயரம். இன்னொன்று நெட்டை, ஓட்டுபவர் பக்கம் லேசாக வளைந்தது.

முதலில் குட்டையைப் பூட்டினார். டாக்டரம்மா போட்டுப் பார்த்தார். இரண்டு விரல் தூரம் நகர்ந்ததும் டக்கென்று விழுந்தது. மனசு அங்கேயே ஒட்டிக்கொண்டது. ஆனால் ஒரு சந்தேகம்.

"தூரம் கம்மியாச்சு, சரி. ஏன் இவ்வளவு இறுக்கமா இருக்கு?"

மெக்கானிக் கார் கதவைக் காட்டினார். "கீல் பக்கத்துல கை வச்சுத் தள்ளுங்க. அப்புறம் ஓரத்துல தள்ளுங்க."

கீல் பக்கம் கதவு முரண்டு பிடித்தது. ஓரத்தில் பூப்போல நகர்ந்தது. டாக்டரம்மா குழந்தை மாதிரி நாலு தடவை தள்ளிப் பார்த்தார்.

"தூரமும் கம்மியா, பலமும் கம்மியான்னா கிடைக்காதா?"

"ரெண்டுல ஒண்ணுதாங்க. குட்டைன்னா பலம் வேணும், நெட்டைன்னா தூரம் போகணும்."

அதே குட்டைக் கம்பியோடு அடுத்து அண்ணி ஓட்டினார். டாக்டரம்மா பக்கத்தில் உட்கார்ந்தார். தெருமுனைத் திருப்பத்தில் இரண்டாவது விழ மறுத்தது. பின்னால் ஹாரன் காதைக் கிழித்தது. அண்ணி உடம்பையே சாய்த்துத் தள்ளித்தான் போட்டார்.

"நல்லாத்தான் இருக்கு. உனக்குப் பிடிச்சதையே வாங்கிடு" என்றார்.

டாக்டரம்மா அவர் தாடையைக் கவனித்தார். பற்கள் இறுகியிருந்தன. கம்பியைத் தள்ளியது, போன வருஷம் எலும்பு முறிந்து கூடிய மணிக்கட்டு.

பட்டறைக்குத் திரும்பியதும், "நெட்டையைப் பூட்டுங்க" என்றார்.

அண்ணி பதறினார். "எனக்காகவா? எனக்கு வலிக்கவே இல்லையே!"

"வலிக்குதான்னு நான் கேக்கவே இல்லையே, அண்ணி. என் நாற்காலியில உக்கார்றவங்க எல்லாரும் கேக்கறதுக்கு முன்னாடி இதைத்தான் சொல்வாங்க."

மெக்கானிக் வாய்விட்டுச் சிரித்துவிட்டார். அண்ணிக்கும் சிரிப்பு வந்தது.

நெட்டைக் கம்பி நீளமாக அசைந்தாலும் ஒரு விரலுக்கே இணங்கியது. டாக்டரம்மாவுக்குக் கொஞ்சம் ஏமாற்றம்தான். ஆனால் திருப்பத்தில் அண்ணி பேச்சை நிறுத்தாமலே இரண்டாவது போட்டபோது, அந்தக் கையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

வீடு வந்தது. அண்ணி வண்டியை நிறுத்தவில்லை.

"இன்னொரு சுத்து போலாமா, டாக்டரே?"