வெள்ளைப் பெட்டிக்கு அடியில்

மாதக் கடைசிக்குப் பிறகு ஒரு டிசைனரைத்தான் வைத்துக்கொள்ள முடியும், அதுவும் கோடிங் தெரிந்தவராக இருக்க வேண்டும் என்று முதலாளி பாண்டியராஜன் சொல்லிவிட்டார். தேனியில் இந்த இணையதள டிசைன் வேலையை விட்டால் ஞானசெல்விக்கு வேறு வேலை இல்லை. பக்கத்தில் எது எங்கே இருந்தால் பார்ப்பவர் கண் நிற்கும் என்று அவளுக்குத் தெரியும். கோடிங் தெரியாது. அதை யாரும் கேட்டுவிடாதபடி பார்த்துக்கொண்டாள்.

“பெயிண்ட் அடிக்கிறவ கொத்து வேலையும் படிக்கணுமாக்கும்” என்று பக்கத்து மேசைக் கயல் சிரித்தாள். கோடிங் அவள் வேலை. அவளால் சிரிக்க முடிந்தது.

போடி ஏலக்காய் வியாபாரி இம்மானுவேலின் இணையதளம் அப்போது ஞானசெல்வியின் கையில் இருந்தது. அவர் அனுப்பிய அட்டவணையில் ஒவ்வொரு ரகத்துக்கும் இரண்டு விலை: சொல்லும் விலை, அவர் இறங்கிவரும் கடைசி விலை. மாட்டுச்சந்தையில் துண்டுக்குள் விரல் பிடித்துப் பேசுவதுபோல, கடைசி விலை வெளியே தெரியக்கூடாது என்றார். அந்தக் கடைசி விலை வரிசையை நீக்கினால் அட்டவணையே குலைந்தது. கயலிடம் கேட்கலாம், கேட்டால் தெரிந்துவிடும். அந்த விலைகளை மறைத்து மேலே ஒரு வெள்ளைப் பெட்டியை வரைந்து வைத்தாள். திரையில் ஒன்றும் தெரியவில்லை.

தளம் வெளியான காலையில் பஸ்ஸில் வரும்போது செல்போனில் திறந்து பார்த்தாள். பெட்டி ஓரமாக ஒதுங்கிக் கிடந்தது. கடைசி விலைகள் பளிச்சென்று தெரிந்தன. கம்ப்யூட்டரில் மட்டுமே பார்த்திருந்தாள்.

பக்கத்து இருக்கைக்காரி எட்டிப் பார்க்கவும் போனை நெஞ்சோடு அழுத்திக்கொண்டாள், ஊருக்கே மறைத்துவிட்டதுபோல. இதுவரை செய்த பக்கங்கள் ஒவ்வொன்றாக நினைவுக்கு வந்தன. அவற்றின் அடியில் என்ன கிடக்கிறதோ. பார்த்தாலும் அவளுக்குப் புரியாது.

அலுவலகத்தில் கயலின் மேசையருகே பாண்டியராஜன் நின்றிருந்தார். அவர் போகட்டும் என்று காத்தாள். அவர் போகவில்லை. அவர் போகும்வரை காத்தால் விலைகள் வெளியே தெரிந்துகொண்டே இருக்கும்.

“கயலு, ஏலக்காய் பக்கத்துல அந்தக் கடைசி விலை வரிசைய எடுத்துவிடுடி. எனக்குக் கோடிங் தெரியாது.”

கயல் இரண்டு வரி அழித்தாள், முடிந்தது. அதற்குள் பாண்டியராஜனின் போன் அடித்தது, இம்மானுவேல்தான். கம்பத்து வியாபாரி ஒருவர் காலையிலேயே அவர் கடைக்கு வந்து, பேரமே பேசாமல் கடைசி விலையைச் சொல்லி நிற்கிறாராம்.

பாண்டியராஜன் போனை ஞானசெல்வியிடம் நீட்டினார். “நீயே சொல்லு. உன் வேலையப் பத்தி அப்புறம் பேசுவோம்.”

அவள் போனை வாங்கிக் காதில் வைத்தாள்.

“அண்ணே, மறைச்சுத்தான் வச்சேன். எடுக்கத் தெரியல.”