பீச் பழம் வைத்த படையல்

அப்பாவின் முதல் வருஷப் படையல். இருட்டிய பிறகு படைப்பதுதான் கொரியர் வழக்கம். அண்ணன் கியுடே பட்டப்பகலிலேயே ஆரம்பித்துவிட்டான். படம் எடுக்க வெளிச்சம் வேண்டுமாம்!

யுன்ஹே சூப்புப் பானையோடு நுழைந்தபோது கூடத்தில் இரண்டு பெரிய விளக்குகள், ஒரு கேமரா, அதன் பின்னால் ஒரு பெண். மேசை முழுக்க அண்ணனின் ஓட்டலிலிருந்து வந்த தட்டுகள். கண்ணாடியில் விளக்கு அடிக்கிறதென்று அப்பாவின் படத்தை ஓரமாகத் தள்ளியிருந்தார்கள்.

அவளுக்கு இருந்தது ஒரே ஆசை. இந்த வீட்டில் அப்பா ஒரு வேளையாவது மரியாதையாக உட்கார்ந்து சாப்பிடவேண்டும். உயிரோடு இருந்தவரை அந்த மனுஷனுக்கு அது வாய்க்கவில்லை.

"அந்தப் பானைய அடுப்படியில வை," என்றான் கியுடே. "கலரே இல்ல. வீடியோல கழனித்தண்ணி மாதிரி தெரியும்."

"அப்பாவுக்குப் பிடிச்ச முள்ளங்கி சூப்புண்ணா."

"அப்பாவா வந்து குடிக்கப் போறாரு? இது ஓட்டல் விளம்பரம்டி."

கேமரா ஓடியது. முகத்தில் சோகத்தை ஏற்றிக்கொண்டு பேசினான். "அப்பா வெக்கிற சோயாக் குழம்பு வாசம்தான் என்னோட குழந்தைப் பருவம். அந்த வாசத்தத்தான் உங்களுக்குப் பரிமாறுறோம்."

யுன்ஹே பானையை அடுப்படியில் வைத்துவிட்டு வந்து நின்றாள். எந்த வாசம்? பள்ளிக்கூடத்து வெள்ளைக்காரச் சிநேகிதர்கள் மூக்கைப் பிடித்தார்கள் என்று, சோயா விழுது ஜாடியைக் கார் ஷெட்டில் கொண்டுபோய் வைத்தவன் இவன்தானே! தாயில்லாத பிள்ளையாயிற்றே என்று அப்பா அவனை ஒரு வார்த்தை கண்டிக்கவில்லை. சலவைக்கடையிலிருந்து திரும்பி, பனி கொட்டும் நாளிலும் அந்த ஷெட்டில் நின்றுகொண்டே சாப்பிட்டார். இப்போது அந்த நாற்றம் காசு கொடுக்கிறது, அதனால் வாசமாகிவிட்டது. தூ!

"இன்னும் ஏதாவது பளிச்சுனு வெக்கலாமே," என்றாள் கேமராக்காரி.

கியுடே அடுப்படிக்கு ஓடி, ஒரு தட்டு நிறையப் பீச் பழம் கொண்டுவந்து நடுவில் வைத்தான்.

யுன்ஹே திடுக்கிட்டாள். பீச் இருக்கிற இடத்தில் ஆவி கால் வைக்காது. அதனால் படையலில் எந்தப் பழமும் வைக்கலாம், அதை மட்டும் வைக்கக்கூடாது. தாத்தாவுக்குப் படைக்கும் நாளில் அப்பா வீட்டில் ஒரு பீச்கூட இல்லாமல் அப்புறப்படுத்திவிடுவார். அண்ணனுக்கு எப்படித் தெரியும்? அந்த நாளில் அவன் வீட்டிலேயே இருந்ததில்லை.

சொல்ல வாயெடுத்தாள். பழத்தைப் பார்த்தாள், அண்ணனின் பவுடர் பூசிய மூஞ்சியைப் பார்த்தாள். சொல்லவில்லை.

"வாசக்கதவத் திற யுன்ஹே, அப்பா உள்ள வரணும்ல!" என்றான் கேமராவைப் பார்த்து.

திறந்துவிட்டாள். பிறகு அடுப்படிக்குப் போய்ப் பானையையும் ஒரு கிண்ணம் சோற்றையும் எடுத்துக்கொண்டு ஷெட்டுக்கு நடந்தாள். அப்பா கிண்ணம் வைக்கிற பலகையில் தூசி மண்டியிருந்தது. சட்டைக் கையால் துடைத்து, சூப்பை ஊற்றி வைத்தாள். படையல் முறைப்படி சோற்றில் கரண்டியைக் குத்தி நிறுத்தினாள். மூலையில் கிடந்த நாற்காலியை இழுத்துப் போட்டாள். ஷட்டரை முழுசாகத் தூக்கிவிட்டாள்.

"இந்தப் பக்கம் வாங்கப்பா," என்றாள். "உக்காந்து சாப்பிடுங்க."