தானே வாசிக்கும் பெட்டி

சென்னகேசவனுக்கு எதிர்காலத்தின் மேல் அப்படியொரு ஆசை. சிங்கப்பூர் போன மச்சினர் 1994-ல் கொண்டுவந்து கொடுத்த கீபோர்டை ஆர்.எஸ்.புரம் வீட்டு ஹாலில் நடுநாயகமாக வைத்தார். அன்றிலிருந்து மகள் மானசாவைப் பெண் கேட்டு வந்தவர்களிடமெல்லாம், பெண்ணைப் பற்றிச் சொல்வதற்கு முன்னால் பெட்டியைப் பற்றித்தான் சொன்னார். வந்தவர்களும் பெட்டியைப் பார்த்துவிட்டு, "ஊருக்குப் போய்ச் சொல்லி அனுப்பறோமுங்க" என்று கிளம்பிப் போனார்கள். யாரும் சொல்லி அனுப்பவில்லை.

இந்தத் தடவை பல்லடத்திலிருந்து வந்திருந்தார்கள். மாப்பிள்ளை திருமலைசாமி, விசைத்தறி வைத்திருப்பவன். கூடவே அவன் அம்மா ரங்கம்மாள். புருஷன் போய் வருஷம்கூட முழுசாக ஆகவில்லை. இந்தக் கோலத்தில் பெண் பார்க்கப் போகலாமா என்று முணுமுணுத்த உறவுக்காரர்களை, "எம் மருமகள நான் பாக்காம வேற எவ பாக்கறது?" என்று ஒரே அதட்டில் அடக்கிவிட்டு வந்தவள்.

மானசாவின் அம்மா பங்காரம்மா கேசரித் தட்டை வைப்பதற்குள் சென்னகேசவன் ஆரம்பித்துவிட்டார்.

"இன்னும் பத்து வருசம் பாருங்க. மேளம், நாயனம், வயலின் எல்லாமே இந்தப் பொட்டிக்குள்ள வந்துரும். கல்யாணத்துக்கு ஒரு ஆளு, ஒரு பொட்டி. முடிஞ்சுது போங்க."

"பந்தியில உக்கார்றதுக்கும் ஒரு பொட்டி வந்துட்டா சோத்துச் செலவும் மிச்சமுங்க மாமா," என்றான் திருமலைசாமி.

கதவோரம் நின்ற மானசாவுக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. கட்டினால் இவனைத்தான் கட்ட வேண்டும் என்று அந்த நிமிஷமே முடிவு செய்துவிட்டாள். கூடவே பயமும் வந்தது. மாதக்கணக்கில் கீபோர்டு வகுப்புக்குப் போயும் அவளுக்கு வலது கைதான் ஏதோ கொஞ்சம் வாசிக்கும். இடது கை சுத்தமாக வராது.

"வாசி கண்ணு, கேக்கறோம்," என்றாள் ரங்கம்மாள்.

பெட்டியிலேயே இருக்கும் தாளத்தை ஓட விட்டு, அதன் மேல் ஒப்பேற்றிவிடலாம் என்றுதான் உட்கார்ந்தாள். அவசரத்தில் விரல் தாளத்தின் பட்டனை விட்டுவிட்டு, பக்கத்திலிருந்த டெமோ பட்டனில் போய் விழுந்தது. பெட்டியை விற்பதற்காகக் கம்பெனிக்காரன் உள்ளே வைத்த பாட்டு அது. யார் கையும் படாமல் தானாக ஓடும். ஐயோ, என்று நிமிர்ந்தால், அப்பா வாயெல்லாம் பல்லாக நிற்கிறார். அது பெட்டியின் பாட்டு என்று அவருக்குத் தெரியாதா என்ன! இனி எங்கே நிறுத்துவது? கட்டைகளைத் தொட்டும் தொடாமலும் விரல்களை ஓட விட்டாள்.

பாட்டு முடிந்தபோது ரங்கம்மாள் அழுதுகொண்டிருந்தாள். சேலைத் தலைப்பால் துடைக்கத் துடைக்க வந்துகொண்டே இருந்தது.

"அவரு போனதுலயிருந்து எனக்கு அழுகையே வரல அம்மணி. கல்லாட்டம் கெடந்தேன். நீ வாசிச்சதக் கேட்டதும் என்னமோ ஒடஞ்சுபோச்சு." எழுந்து வந்து மானசாவின் கைகளை எடுத்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள். "நம்ம ஊட்டுக்கு வந்தா தெனம் சாயங்காலம் எனக்கு இத வாசிக்கோணும். இப்ப இன்னொருக்கா வாசி கண்ணு."

தினம் சாயங்காலம்! இந்த மனுஷி எதிரே உட்கார்ந்து, ஆயுசு பூராவும் விரலை ஆட்டிக்கொண்டிருக்க முடியுமா? உண்மையைச் சொன்னால் சம்பந்தம் போச்சு. அப்பா கண்ணாலேயே, வாசி, வாசி என்றார்.

மானசா பட்டனை அமுக்கினாள். கொஞ்ச நேரம் விரல்களை ஓட்டினாள். பிறகு இரண்டு கைகளையும் எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள். பாட்டு நிற்கவில்லை.

"நான் வாசிக்கலீங்க," என்றாள். "பொட்டி தானா வாசிக்குது. எனக்கு இவ்வளவெல்லாம் தெரியாதுங்க."

சென்னகேசவன் பாய்ந்து சுவிட்சை அணைத்தார். "அது வந்துங்க..." என்று இழுத்தார்.

"அப்ப என்னைய அழுக வெச்சது யாரு?" ரங்கம்மாளின் முகம் சிவந்துவிட்டது. "ஆளே இல்லாத பாட்டுக்கா அடுத்தவங்க ஊட்டுல உக்காந்து அழுதேன்?"

விடுவிடுவென்று வாசலுக்குப் போனாள். திருமலைசாமி மானசாவை ஒரு தரம் பார்த்துவிட்டு அம்மா பின்னால் போனான்.

அவ்வளவுதான், எல்லாம் போச்சு. மானசா பெட்டியையே பார்த்தபடி உட்கார்ந்திருந்தாள். அப்பா சொல்வது போல நாளைக்கு எல்லாப் பாட்டும் இப்படித்தான் வருமோ என்னவோ. அப்போதும் ஜனங்கள் கேட்பார்கள், அழுவார்கள். என்னை அழ வைத்தது யார் என்று எவரிடம் போய்க் கேட்பார்கள்? அவளுக்கு அழுகைதான் வந்தது.

போட்ட செருப்பைக் கழற்றிவிட்டு ரங்கம்மாள் திரும்பி வந்தாள்.

"எது அந்தப் பட்டனு?"

மானசா சுவிட்சைப் போட்டுக் காட்டினாள். ரங்கம்மாள் தானே அமுக்கினாள். அமுக்கிவிட்டு, ஒரு கை பார்த்துவிடுகிறேன் என்கிற மாதிரி கைகளைக் கட்டிக்கொண்டு நின்றாள். பாட்டு பாதி ஓடியதும் உதடு நடுங்கியது. கண் நிறைந்துவிட்டது.

"பாரு, தெரிஞ்சும் வருது," என்றாள்.

அப்படியே சோபாவில் உட்கார்ந்தாள். பக்கத்து இடத்தைக் கையால் தட்டினாள்.

"வாசிக்க ஆளு வேண்டாமாட்ட இருக்குது. கேக்கறப்ப பக்கத்துல உக்கார ஆளு வேணுமல்ல?"

"இதோ வாரேங்க அத்தை," என்றாள் மானசா.