மேப்பிள் மரத்தடிப் பாத்தி

"அந்த இடத்துல புல்லே வரலை, செடி வருமாக்கும்!" என்று வீட்டுக்காரி ஷொய்ஃபெலே அம்மாள் சிரித்தபோது கூன்டுலாவுக்குக் கோபம் வரவில்லை. முற்றத்து மேப்பிள் மரம் வெயிலைக் கீழே விடாது என்பது வாஸ்தவம்தான். ஆனால் வெயிலைக் கண்டால் வாடி, நிழலைக் கண்டால் பாய் விரிக்கிற செடியும் உலகத்தில் உண்டே!

"வரும். அடுத்த ஏப்ரல் முடியறதுக்குள்ள பாத்தி பச்சையா இருக்கும்."

"இல்லேன்னா கல்லைப் பாவிடுவேன். கார் நிறுத்த எடம் கேட்டு உயிரை வாங்கறாங்க."

"தாராளமா."

ஜெர்மனியில் ரொய்ட்லிங்கன் ஊரில் அந்த வீட்டின் நடு மாடியில் வாடகைக்கு இருக்கிறவள் கூன்டுலா. சமையலறை ஜன்னலைத் திறந்தால் கண்ணில் படுகிற மண் அந்தப் பாத்தி ஒன்றுதான். அதுவும் கல்லாகிவிட்டால் ஜன்னல் எதற்கு என்பது அவள் கட்சி.

ஜூலையில் காட்டுக்குப் போனவளின் காலுறையெல்லாம் வால்ட்மைஸ்டர் விதை அப்பிக்கொண்டிருந்தது. மே மாதம் வெள்ளை ஒயினில் வாசனைக்கு ஊறப்போடுகிற அதே செடி. விதைக்குச் சுற்றிலும் கொக்கி மயிர். பழைய விதை முளைக்க அடம்பிடிக்கும் என்று, எடுத்த கையோடு பாத்தியில் தூவி, பேருக்கு மண் போட்டு, ஈரம் காயாமல் பார்த்துக்கொண்டாள். மேப்பிள் உதிர்த்த சருகையும் அப்படியே கிடக்கவிட்டாள். குளிரில் கிடந்து எழுந்தால்தான் அந்த விதை கண் திறக்கும். சருகு அதற்குப் போர்வை.

நவம்பரில் ஒரு சாயங்காலம் வேலை முடிந்து வந்தால், பாத்தி மழித்த தலைபோல இருந்தது. அந்த வீட்டில் முற்றம் கூட்டுவது வாரத்துக்கு ஒரு குடித்தனத்தின் முறை. யார் முறையோ அவர் கதவில் பலகை தொங்கும். அன்றைக்குப் பலகை தொங்கியது கீழ்த்தளத்து ஹேபர்லே கதவில். ரயில்வேயில் இருந்து ஓய்வு பெற்றவர். துடைப்பத்தில் இருந்து ஓய்வு பெறாதவர்.

"ஹேபர்லே! என்ன பண்ணி வெச்சிருக்கீங்க?"

"என் வாரம், அம்மணி. முற்றம்னா முழுசாத்தான் கூட்டணும்."

"அது பாத்தி!"

"அப்படின்னு எங்க எழுதியிருக்கு? குப்பையைப் போட்டு வெச்சிருக்கீங்கன்னு தெருவே பேசுது."

"தெருவா? உங்க வாய்தானே அந்தத் தெரு!"

சருகெல்லாம் வடக்குச் சுவரோரம், குப்பைத் தொட்டிகளுக்குப் பின்னால் ஈரக் குவியலாகக் கிடந்தது. சருகோடு போன விதையை அதில் தேடுவதாவது! இந்த மனுஷனிடம் வாதாடிப் பிரயோஜனமில்லை, கோடு போட்டுக் காட்டினால் தாண்ட மாட்டார் என்று அவளுக்குத் தெரியும். புதுச் சருகு கொஞ்சம் அள்ளிப் பரப்பி, பாத்தியைச் சுற்றிச் செங்கல் பதித்தாள்.

"செங்கல்லுக்கு உள்ள தோட்டம். வெளிய முற்றம். சரிதானே?"

"இதை முன்னாடியே சொல்லித் தொலைச்சிருக்கலாமே!" என்றார் ஹேபர்லே. அன்றுமுதல் செங்கல் வரைக்கும் கூட்டி நிறுத்தினார். உள்ளே கால் வைத்த தபால்காரரைக்கூட ஒருநாள் உண்டு இல்லை என்று ஆக்கிவிட்டார்.

பனி விழுந்து, உருகி, ஏப்ரலும் கடைசி வாரத்துக்கு வந்தது. பாத்தியின் ஒரு மூலையில் மட்டும், சக்கரத்து ஆரம்போல இலை விரித்து, கைப்பிடி அளவு நாற்று. மற்றதெல்லாம் வெறும் மண். மாடிப்படியில் எதிர்ப்பட்ட ஷொய்ஃபெலே அம்மாள், "திங்கக்கிழமை கல் பாவ ஆள் வரார்" என்றாள்.

"ஏப்ரல் இன்னும் முடியலையே" என்றாள் கூன்டுலா. ஆனாலும் அன்றைக்கு மட்டும் ஜன்னலுக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்து காபி குடித்தாள்.

மறுநாள் ஹேபர்லே கதவைத் தட்டினார். "கொஞ்சம் கீழ வாங்க. சத்தம் போடாதீங்க."

தொட்டிகளுக்குப் பின்னால் அழைத்துப் போனார். மக்கிய சருகைப் பிளந்துகொண்டு, சுவரோரம் முழுக்க அதே சக்கர இலை, அடர்த்தியாக.

"மார்ச்லயே கண்ணுல பட்டுது. களைன்னு துடைப்பத்தை ஓங்கிட்டேன். அப்புறம் உங்க பாத்தியில அதே இலையைப் பார்த்தேன். அதுல இருந்து இந்த மூலையை..." தொண்டையைச் செருமினார். "கூட்டலை."

"ஹேபர்லே! நீங்களா கூட்டாம விட்டீங்க?"

"வெளிய சொன்னீங்கன்னா தெரியும் சேதி."

சனிக்கிழமை தூறலில், பட்டப்பகலில், இருவருமாக மண்ணோடு பெயர்த்துப் பாத்தியில் நட்டார்கள். மேல்மாடியில் ஷொய்ஃபெலே அம்மாளின் ஜன்னல் திறந்தது.

"ஏமாத்து வேலை! எங்கயோ மொளைச்சதைக் கொண்டு வந்து நடறீங்க!"

ஹேபர்லே முழங்காலைப் பிடித்துக்கொண்டு எழுந்தார். "வீட்டுக்காரம்மா, பலகை என் கதவுல தொங்குது. பாத்தியில இருந்து நான் தப்பாக் கூட்டிட்டுப் போனதைத் திரும்பக் கொண்டாந்து வெக்கறேன். அது அது அதோட எடத்துல இருக்கணும்னு நீங்க போட்ட வீட்டு விதியிலதானே இருக்கு?"

பலகை தொங்குகிற கதவுக்காரரிடம் முற்றத்தைப் பற்றிப் பேச அந்த ஊரில் யாருக்கும் வாய் வராது. ஷொய்ஃபெலே அம்மாள் ஜன்னலில் இருந்து எட்டி, பாத்தியில் பச்சை ஏறுவதைப் பார்த்தாள்.

"சரி சரி, திங்கக்கிழமை வர வேணாம்னு போன் பண்ணிடறேன்" என்றாள். "நட்டதுக்குத் தண்ணியாவது ஊத்துங்க. வாடினா நல்லா இருக்காது."

"மழை பெய்யுதேம்மா!" என்ற கூன்டுலா, தலை நிமிராமல் அடுத்த நாற்றை எடுத்து அழுத்தினாள்.