பதினோராம் நம்பர் வாடகைச் சைக்கிள்

கல்யாணப் பத்திரிகைக்கு அப்புறம் என் வீட்டுக்காரர் கொளஞ்சியின் பெயரை நான் எழுத்தில் பார்த்தது கடலூர் தையல் மிஷின் கடையில்தான். அதுவும் "பாக்கிதாரர்கள்" என்று தலைப்புப் போட்ட கரும்பலகையில். "கொளஞ்சி, ரைஸ் மில், சிதம்பரம் – சைக்கிள் பாக்கி." எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

அது அறுபத்து நாலாம் வருஷம், மே மாதம். ஜூனில் பள்ளிக்கூடம் திறக்கும். தெருப் பிள்ளைகளுக்குப் பாவாடை சட்டை தைத்துத் தருகிறேன் என்று வாக்குக் கொடுத்து, துணியையும் வாங்கி வீட்டில் அடுக்கிவிட்டேன். அதுவரை இரவல் கொடுத்த பக்கத்து வீட்டுக்காரி மிஷினை விற்றுத் தொலைத்திருந்தாள். தவணைக்கு ஒரு மிஷின் எடுக்க, முன்பணம் நாற்பது ரூபாயோடு இவரையும் கூட்டிக்கொண்டு பஸ் ஏறி வந்தால் சுவரில் இவர் பெயர்!

"ஒரு கடையில பாக்கின்னா தவணைக்கடை எல்லாத்துலயும் பேர எழுதிடுவோம்மா. எழுதச் சொன்னவரே வந்து அழிச்சாத்தான் உண்டு. சைக்கிள் கடை அப்துல் ஹக் பாயப் போயி பாருங்க" என்றார் கடைக்காரர்.

தெருவில் இறங்கியதும் இவரைப் பிடித்துக்கொண்டேன்.

"என்னாங்க இது? சைக்கிள்னு எங்கிட்ட ஒரு வார்த்த சொன்னீங்களா?"

"கல்யாணத்துக்கு முன்னாடி வாங்குனது மலரு. அந்த வருஷம் கொள்ளிடம் பெருகி மில்லு மூடிக் கெடந்துச்சா, தவணை நின்னுபோச்சு. வசூலுக்கு வந்தவன் சைக்கிளையே தூக்கிட்டுப் போய்ட்டான்."

"அப்பறம் என்னா பாக்கி?"

 இவருக்கு யாரிடமும் எதையும் கேட்க வாய் வராது. அதற்கும் சேர்த்துத்தான் எனக்கு வாய் வைத்திருக்கிறது.

அப்துல் ஹக் பாய் கடை வாசலில் வாடகைச் சைக்கிள்கள் பச்சைப் பெயிண்டு அடித்து வரிசையாக நின்றன. பாய் நல்ல மனுஷர்தான். உட்காரச் சொல்லி, டீ வரவழைத்து, பழைய கணக்கையெல்லாம் புரட்டிப் பார்த்தார்.

"வண்டி திரும்பி வந்ததா எழுதலியே தங்கச்சி. அந்த வசூல்காரனும் வேலைய விட்டுப் போயி ரொம்ப நாளாச்சு."

"ஏழு வருசம் ஆச்சுங்க. இந்தக் கடன் இன்னமும் செல்லுமா?"

"கோர்ட்டுக்குப் போனா செல்லாதுதான், மூணு வருசந்தான் கெடு. ஆனா போர்டுக்குக் கெடு கெடையாதும்மா" என்று சிரித்தார். "நாப்பது ரூவா கட்டுங்க, இப்பவே வந்து அழிச்சுடுறேன்."

நாற்பதைக் கட்டிவிட்டு மிஷினுக்கு நான் எங்கே போவேன்? இவரோ, "குடுத்துடு மலரு, போவலாம்" என்றார். எனக்கு அழுகையும் ஆத்திரமும் சேர்ந்து வந்தது.

"உங்க வண்டிக்கு அடையாளம் ஒண்ணும் இல்லியா?"

"ஒண்ணுமில்ல" என்றார், தரையைப் பார்த்துக்கொண்டு.

அப்போதுதான் கவனித்தேன். வந்ததிலிருந்து இந்த மனிதர் உட்காரவே இல்லை. டீயைக்கூட வாசலில் நின்றே குடித்தார். வேட்டியை அகல விரித்துப் பிடித்தபடி, பதினோராம் நம்பர் சைக்கிளை மறைத்துக்கொண்டு நின்றார்.

"தள்ளுங்க."

"மலரு, வேணாம்…"

தள்ளிவிட்டேன். செயின் கவரில் பச்சைப் பெயிண்டுக்கு அடியில் ஏதோ எழுத்துப் புடைத்துத் தெரிந்தது. அந்தக் காலத்தில் புதுச் சைக்கிள் வாங்கினால் ஆர்டிஸ்டைப் பிடித்துச் செயின் கவரில் பெயர் எழுதிக்கொள்வார்கள். இவர் பெயர்தான் இருக்கும் என்று கொண்டை ஊசியை உருவிச் சுரண்டினேன். பச்சை உதிர்ந்தது. சிவப்பில் முதலில் ஒரு 'ம' வந்தது. பிறகு 'ல'. 'ர்' வந்ததும் என் கை நின்றுவிட்டது.

பாய் எழுந்து வந்து குனிந்து பார்த்தார். மீதியை அவரே நகத்தால் சுரண்டினார்.

"மலர்க்கொடி, குமராட்சி" என்று படித்தார். "யாரு தம்பி இது?"

குமராட்சி என் ஊர்.

"நிச்சயம் ஆனதும் எழுதுனது" என்றார் இவர், தூணைப் பார்த்து. "இதுலதான் அவுங்க ஊருக்குப் போவணும்னு வாங்குனேன். போறதுக்குள்ள தூக்கிட்டாங்க. எத்தினி பேரு வாடகைக்கு ஓட்டுனானுங்களோ… அத எப்புடிங்க இதுகிட்ட சொல்றது?"

எனக்குக் கோபம் போன இடம் தெரியவில்லை.

பாய் நிமிர்ந்தார். "என் கடையிலயே வண்டிய வச்சுக்கிட்டு உங்க பேர எழுதிவச்சிருக்கேன். மன்னிச்சுக்குங்க தம்பி" என்று சொல்லி, ஈரத்துணியோடு எங்களுக்கு முன்னால் மிஷின் கடைக்கு நடந்தார்.

மிஷின் அன்றைக்கே பஸ் கூரையில் ஏறிவிட்டது. சிதம்பரத்தில் இறங்கியதும் நேராக ஆர்டிஸ்ட் கடைக்குப் போய், மிஷின் மூடியில் "கொளஞ்சி" என்று சிவப்பில் எழுதச் சொன்னேன். கூச்சப்பட்டு நழுவப் பார்த்தவரை, எழுதி முடிக்கும்வரை கையைப் பிடித்து நிறுத்தி வைத்திருந்தேன்.