சின்ன வயிறு

மோரிஸ் ஏறினால் லோரி ஒரு பக்கம் சாயும் என்று லூனாஸ் வட்டாரத்தில் ஒரு பேச்சு இருந்தது. அதைச் சொல்லி முதலில் சிரிப்பவனும் அவன்தான். தோட்டத்து ரப்பர் பாலை ஏற்றிக்கொண்டு போய்த் தொழிற்சாலையில் இறக்குவது அவன் வேலை. கல்யாண வீடுகளில் அவனுக்கென்று இரண்டு இலைகளைச் சேர்த்துப் போடுவார்கள். சுற்றி நின்று வேடிக்கை பார்ப்பார்கள். அவனும் சளைக்காமல் சாப்பிட்டுக் காட்டுவான். வீட்டுக்கு வந்த பிறகு சட்டையைக்கூடக் கழற்றாமல் வெகுநேரம் கட்டிலில் உட்கார்ந்திருப்பான். அப்போது அவன் முகம் எப்படி இருக்கும் என்பது மனைவி பிரிஜெட்டுக்கு மட்டும்தான் தெரியும்.

எண்பத்தைந்தாம் வருடம் வாக்கில் அது சிரிக்கும் விஷயமாக இல்லாமல் போனது. ஸ்டேரிங் வயிற்றில் இடித்தது. தூக்கத்தில் மூச்சு நின்று நின்று வந்தது. இனிப்பு நீர் வியாதியும் வந்து சேர்ந்தது. ஆள் இளைக்காவிட்டால் லோரியை வேறு ஒருவனிடம் கொடுத்துவிடுவேன் என்று மேனேஜர் சொல்லிவிட்டார். பிரிஜெட்டின் அண்ணன் ஆர்தர் பினாங்குத் துறைமுகத்தில் வேலை பார்த்தான். அங்கே ஒரு தனியார் ஆஸ்பத்திரியில், வெளிநாட்டில் படித்து வந்த சீன டாக்டர் ஒருவர் வயிற்றையே சின்னதாக்கும் ஆப்பரேஷன் செய்கிறார் என்று கேள்விப்பட்டு, நேரே வந்து சொன்னவன் அவன்தான். செலவை நான் பார்த்துக்கொள்கிறேன் என்றும் சொல்லிவிட்டான்.

வயிற்றின் மேல்பக்கத்தில் வரிசையாகச் சின்னச் சின்னக் கம்பிகள் அடித்து, கோழி முட்டை அளவுக்கு ஒரு பை மட்டும் மிச்சம் வைப்பார்கள். இனி உண்பதெல்லாம் அந்தப் பைக்குள் அடங்கவேண்டும். டாக்டர் படம் வரைந்து காட்டினார்.

தோட்டத்து லயத்து வீடுகளில் யாரிடமும் இதைச் சொல்லக்கூடாது என்று மோரிஸ் பிரிஜெட்டிடம் சத்தியம் வாங்கிக்கொண்டான். தின்பதை நிறுத்தத் தெரியாமல் வயிற்றைத் தைத்துக்கொண்டவன் என்று ஊர் பேசும். வயிற்றுப் புண்ணுக்கு ஆப்பரேஷன் என்றே எல்லாரிடமும் சொன்னார்கள். பக்கத்து வீட்டுக் காளியம்மா அவனுக்காக மாரியம்மன் கோயிலில் விளக்குப் போட்டுவிட்டு வந்தாள். அவள் திருநீற்றை நீட்டியபோது மோரிஸால் அவளை நிமிர்ந்து பார்க்க முடியவில்லை.

வீட்டுக்கு வந்த புதிதில் தண்ணீரைக்கூடக் கரண்டி கரண்டியாகத்தான் குடிக்க முடிந்தது. பிறகு கஞ்சித் தண்ணீர், பிறகு கஞ்சி. பிரிஜெட் தோட்டத்து ஆயாக்கொட்டகையில் குழந்தைகளைப் பார்த்துக்கொள்பவள். சோற்றைக் குழைத்து, மீனை முள் பார்த்துப் பிசைந்து, வடிகட்டியில் தேய்த்துத் தருவாள். சின்னத் தட்டு, சின்னக் கரண்டி. கைக்குழந்தைகளுக்குக் கொடுப்பது மாதிரிதான். அவன் அதைத் தின்னும்போது வாசல் கதவைச் சாத்திவிடச் சொல்வான்.

"மெதுவாங்க. மென்னுட்டு முழுங்குங்க."

"பல்லில்லாதவனுக்குக் கொடுக்குற சாப்பாட்டை என்னத்தலா மெல்லுறது?"

கொஞ்சம் அவசரப்பட்டால் போதும், நெஞ்சுக்கு நடுவில் கல் மாதிரி அடைத்துக்கொள்ளும். வாயெல்லாம் எச்சில் ஊறும். கொல்லைப்புறம் ஓடி, நுரை நுரையாகக் கக்குவான். பிரிஜெட் முதுகைத் தடவிவிடுவாள். அவன் சாப்பிட்டு எழுந்திருக்கும்வரை அவள் சாப்பிடமாட்டாள். குழம்பு வாசனை அவனுக்குப் படக்கூடாது என்று காளியம்மா வீட்டு அடுப்பில் தனக்கு ஏதாவது சமைத்து, அங்கேயே நின்றபடி தின்றுவிட்டு வருவாள். அவனோடு சேர்ந்து அவளும் இளைத்துப்போனாள்.

உடம்பு நன்றாகத்தான் இறங்கியது. காற்சட்டையைக் கயிறு போட்டுக் கட்டவேண்டியிருந்தது. மறுபடியும் லோரி ஓட்டினான். எல்லாரும் புண் ஆறிவிட்டதா என்று விசாரித்தார்கள்.

ஒரு நாள் தொழிற்சாலையிலிருந்து திரும்பும் வழியில், காலையில் தின்ற இட்லி நெஞ்சில் நின்று, சாலையோரம் லோரியை நிறுத்திக் கக்கினான். பக்கத்தில் இருந்த கோப்பிக் கடையில் உட்கார்ந்து ஒரு தே கேட்டான். கடை முதலாளியான தவுக்கே வழக்கம்போல இனிப்புக் கெட்டிப் பால்டின்னைச் சாய்த்து, அடியில் கட்டியாகத் தேங்கும்படி ஊற்றிக் கொண்டுவந்து வைத்தார். மோரிஸ் தேநீரைப் பயந்து பயந்து உறிஞ்சினான். நிற்கவில்லை. நேராக இறங்கியது. அடியில் கிடந்த பாலையும் கரண்டியால் வழித்துத் தின்றான். அதுவும் இறங்கியது. வெதுவெதுப்பாக, தித்திப்பாக, எந்தத் தடையும் இல்லாமல் போயிற்று. கண்ணில் நீர் வந்துவிட்டது அவனுக்கு.

மறுநாள் ஒரு டின் வாங்கினான். ஆணியால் இரண்டு ஓட்டை போட்டு, ரப்பர் மரங்களுக்கு நடுவே லோரியை நிறுத்தி, குழந்தை மாதிரி வாயில் வைத்து உறிஞ்சினான். காலி டின்னைப் புல்லுக்குள் எறிந்தான். இனிப்பு நீர் இருக்கிறவன் இதைச் செய்யக்கூடாது என்று அவனுக்கும் தெரியும். இன்றோடு சரி என்று அன்றைக்குச் சொல்லிக்கொண்டான். பிறகு தினமும் அப்படியே சொல்லிக்கொண்டான். வீட்டுக்கு வந்தால் பிரிஜெட் பிசைந்த கஞ்சியோடு காத்திருப்பாள். பாதியில் போதும் என்பான்.

"இன்னும் ரெண்டு கரண்டி சாப்பிடுங்க. தெம்பே இல்லாம போயிடப் போறீங்க."

அவள் கெஞ்சுவாள். அவனும் அவள் முகத்துக்காக வாயைத் திறப்பான்.

உடம்பு இறங்குவது நின்றது. பிறகு மெல்ல ஏறத் தொடங்கியது. கயிறு தேவைப்படவில்லை. பரிசோதனைக்குப் போகவேண்டிய நாள் வந்தது. பட்டர்வொர்த்தில் பெர்ரிக் கப்பல் ஏறி இருவரும் பினாங்கு போனார்கள். டாக்டர் அவனை நிறுக்கும் கருவியில் நிற்கவைத்தார். முள்ளைப் பார்த்தார். ரத்தப் பரிசோதனை முடிவையும் பார்த்தார். முகம் மாறிவிட்டது. மோரிஸை விட்டுவிட்டுப் பிரிஜெட் பக்கம் திரும்பி, மலாயில் கேட்டார்.

"வீட்டில் யார் சமைப்பது?"

"நான்தான், டாக்டர்."

"என்ன கொடுக்கிறீர்கள்? எண்ணெய்? தேங்காய்ப் பால்? போதும் என்றாலும் விடாமல் ஊட்டுகிறீர்கள், இல்லையா? அன்பு என்று நினைத்துக்கொண்டு இந்த மனிதரைக் கொன்றுகொண்டிருக்கிறீர்கள்."

பிரிஜெட் முந்தானையைக் கையில் சுருட்டிக்கொண்டாள். முகம் காது மடல்வரை சிவந்துபோனது. "போதும்னுதான் சொல்வாரு. நான்தான் ரெண்டு கரண்டி வலுக்கட்டாயமா கொடுத்துட்டேன். மீன்ல கொஞ்சம் தேங்காய்ப் பால் ஊத்தினேன். தெரியாம செஞ்சுட்டேன், மன்னிச்சிடுங்க" என்று தெரிந்த மலாயில் திக்கித் திக்கிச் சொன்னாள்.

மோரிஸ் பக்கத்து நாற்காலியில்தான் இருந்தான். இப்போது சொல்லிவிடு என்று உள்ளே ஏதோ தள்ளியது. டாக்டர் அவளுக்கு என்னென்ன சமைக்கக்கூடாது என்று விளக்கிக்கொண்டே போனார். அவள் ஒவ்வொன்றுக்கும் தலையாட்டினாள். அவன் சுவரில் மாட்டியிருந்த வயிற்றுப் படத்தையே பார்த்தபடி இருந்தான்.

திரும்பும்போது பெர்ரியில் அவள் அழவில்லை. கம்பியைப் பிடித்துக்கொண்டு கடலைப் பார்த்தபடி, "இனிமே தேங்காயே வாங்க வேணாங்க. எண்ணெய்யும் வேணாம்" என்றாள். அவன் "சரி" என்றான். அந்த ஒரு சொல்லைச் சொன்னதற்காகவே தன்னைக் கடலில் தள்ளிவிடலாம் போல இருந்தது அவனுக்கு.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை, மாதா கோயில் பூசை முடிந்து அவர்கள் வீடு திரும்பியபோது ஆர்தர் வந்திருந்தான். ஆஸ்பத்திரிக்குப் போன் செய்து விசாரித்திருக்கிறான். காளியம்மா இரவல் வாங்கிய முறத்தைத் திருப்பிக் கொடுக்க வந்து அடுப்படியில் நின்றுகொண்டிருந்தாள். ஆர்தர் அதைக் கவனிக்கவில்லை.

"ஏம்மா, வயித்தைச் சின்னதாக்கித் தெச்சு அனுப்பினாரு அந்த டாக்டரு. நீ என்னடான்னா மறுபடியும் ஊட்டி ஊட்டி ரொப்பி வெச்சிருக்கே. சட்டியைக் காலி பண்ணலன்னா உனக்குத் தூக்கம் வராதா?"

"இல்லண்ணே, இப்போ எண்ணெய்கூட…"

"பேசாத. புருசனைப் பாத்துக்கத் தெரியாதவ என்ன பொம்பள?"

வயிற்றைச் சின்னதாக்கினார்கள் என்பதைக் காளியம்மா கேட்டுவிட்டாளே என்றுதான் மோரிஸ் முதலில் துணுக்குற்றான். மனைவி திட்டு வாங்கிக்கொண்டு நிற்கிறாள், தனக்கு அந்த நேரத்திலும் அதுதான் பெரிதாகத் தோன்றியது என்பது உறைத்தபோது, அவன் நாற்காலியை விட்டு எழுந்தான்.

"அவளை விடுங்க மச்சான்."

வெளியே போய் லோரி சீட்டுக்கு அடியில் கையை விட்டு, ஒரு காலி டின்னும் ஒரு புது டின்னும் எடுத்துவந்து மேசைமேல் வைத்தான்.

"நான் குடிச்சேன். தினமும் குடிக்கிறேன். அவ கொடுத்ததுல ஒண்ணும் இல்ல."

காளியம்மா முறத்தை வைத்துவிட்டுப் பின்கதவு வழியாகப் போய்விட்டாள். ஆர்தர் டின்னைப் பார்த்தான், மோரிஸைப் பார்த்தான்.

"டாக்டர் இவளைக் கேட்டப்போ நீயும் அங்கதானே இருந்தே?"

"இருந்தேன்."

ஆர்தர் கலக்கிவைத்த கோப்பியைக் குடிக்காமலே கிளம்பினான். வாசலில் செருப்பை மாட்டும்போது தங்கையிடம், "நான் பேசினதை மனசுல வெச்சுக்காதே" என்றான். மோரிஸைத் திரும்பிப் பார்க்காமல் நடந்தான்.

சாயங்காலம்வரை பிரிஜெட் பாத்திரம் துலக்கினாள், துணி மடித்தாள். பிறகு அவன் எதிரில் வந்து உட்கார்ந்தாள்.

"பாலைக் குடிச்சதுக்கு நான் ஒண்ணும் சொல்லலங்க. பசிச்சிருக்கும். எனக்குத் தெரியாதா? ஆனா அந்த ரூம்ல நான் மன்னிப்புக் கேட்டேனே, அதைக் கேட்டுக்கிட்டு எப்படிங்க சும்மா உக்காந்திருந்தீங்க?"

அவள் பதிலுக்காகக் காத்திருக்கவில்லை. எழுந்துபோய்க் கஞ்சியை அடுப்பில் வைத்தாள்.

அந்த வாரமே அவன் தனியாகப் பினாங்கு போனான். டாக்டரிடம் எல்லாவற்றையும் சொன்னான். அவர் அதிர்ச்சி அடையவில்லை. கம்பி கட்டியானதைத்தான் தடுக்கும், ஒழுகிப்போவதைத் தடுக்காது, பலர் இப்படித்தான் மாட்டிக்கொள்கிறார்கள் என்றார். சற்று யோசித்துவிட்டு, "உங்கள் மனைவியிடம் நான் கடுமையாகப் பேசினேன். அவரை அழைத்து வாருங்கள்" என்றார். வீட்டுக்கு வந்து சொன்னான். பிரிஜெட் தலையை அசைத்தாள். "நான் அந்த ரூமுக்கு இனி வரமாட்டேன். நீங்களே போயிட்டு வாங்க."

லயம் முழுக்கச் செய்தி பரவியது. சிலர் சிரித்தார்கள். கொஞ்ச நாளில் அதுவும் பழசாகிவிட்டது. காளியம்மா மட்டும், "முன்னாடியே சொல்லியிருந்தா வேற வேண்டுதல் வெச்சிருப்பேனே, தம்பி" என்றாள். அவளுக்குக் கோபமா, பரிவா என்று அவனுக்குக் கண்டுபிடிக்க முடியவில்லை.

பிரிஜெட் இப்போது காளியம்மா வீட்டுக்குப் போய்ச் சாப்பிடுவதில்லை. தன் குழம்பைத் தன் அடுப்பிலேயே வைத்து, அவனுக்கு எதிரில் உட்கார்ந்து தின்கிறாள். வாசனை அவனைப் படாத பாடு படுத்தும். அவன் எழுந்து போகமாட்டான். கஞ்சியை வைக்கும்போது தினமும் அவள் ஒன்று கேட்பாள். குரலில் கோபம் இருக்காது.

"இன்னிக்குக் குடிச்சீங்களா?"

இல்லை என்று சொல்லும் நாட்கள் கூடிக்கொண்டு வந்தன. ஒரு மழை நாளில், தொழிற்சாலையில் வெகுநேரம் காத்துக் கிடந்துவிட்டு வந்தவன், கைகழுவாமல் நின்றான்.

"குடிச்சேன். பாதி டின்."

"மிச்சம்?"

"கொட்டிட்டேன்."

அவள் அவன் கண்ணைச் சற்று நேரம் பார்த்தாள். சின்னத் தட்டை அவன் பக்கம் தள்ளிவிட்டு, தன் தட்டில் சோற்றைப் போட்டுக்கொண்டாள்.